மூன்று நாள் ஜூஸில் போன இரண்டரைக் கிலோ

கோண்டாவிலில் இருந்து ஓர் ஆசிரியை நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். வயது 44, உயரம் 157 சென்டிமீற்றர். முக்கியமான பகுதியை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

"கனடாவில் இருக்கும் அக்கா ஒரு டிடொக்ஸ் (உடம்பில் உள்ள நஞ்சை நீக்கும் என்று விற்கப்படும்) தேயிலைப் பெட்டியும் மூன்று நாள் ஜூஸ் அட்டவணையும் அனுப்பியிருந்தா. சித்திரை விடுமுறையில் செய்து பார்த்தேன். தொடங்கும்போது 78.4 கிலோ. மூன்றாம் நாள் முடிய 75.8. முகம் வற்றிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். எட்டு நாளில் திரும்பவும் 78.1! நான் அடக்கம் இல்லாமல் சாப்பிட்டுவிட்டேன் போல. ஆவணியில் தம்பியின் கலியாணம், இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. இந்த முறை ஏழு நாள் செய்தால் குறைந்தது நிற்குமா? என் மாமி வருடம் தவறாமல் கந்தசஷ்டி பிடிப்பவ, அவவுக்கு ஒன்றும் செய்வதில்லையே. நீரிழிவுக்கு மெட்போர்மினும் பிரஷருக்கு லொசார்டனும் எடுக்கிறேன். இரண்டாம் நாள் கட்டிலால் எழும்பும்போது தலை சுற்றியது. நஞ்சு வெளியேறும் அறிகுறி என்று அக்கா சொன்னா. பதினாறு வயது மகளும் என்னோடு சேர்ந்து செய்யப் போகிறாளாம்."

பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். ஏழு நாள் வேண்டாம். மூன்று நாளும் இனி வேண்டாம். மகளுக்கு அறவே வேண்டாம். நீங்கள் எண்களை எல்லாம் ஒழுங்காகக் குறித்து அனுப்பியிருப்பதால் விளங்கப்படுத்துவது எனக்குச் சுலபம்.

உங்கள் வயது, உயரம், நிறை, வகுப்பில் நின்று படிப்பிக்கும் வேலை எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1900 கலோரி செலவாகும் என்று வைத்துக்கொள்வோம். அக்காவின் அட்டவணையில் இருந்தவற்றையும் கூட்டிப் பார்த்தேன். விடிய தேசிக்காயும் தேனும், பிறகு பப்பாசி, பத்து மணிக்கு அன்னாசியும் கரட்டும், மத்தியானம் பீற்றூட்டும் அப்பிளும், பின்னேரம் செவ்விளநீர், இரவு அந்தத் தேயிலை. எல்லாம் சேர்ந்தால் 800 கலோரி அளவில் வரும். ஆகவே நாளுக்கு 1100 குறைவு, மூன்று நாளில் 3300. உடம்புக் கொழுப்பில் ஒரு கிலோ போவதற்கு ஏறத்தாழ 7700 கலோரி குறைய வேண்டும். பிரித்துப் பாருங்கள். ஒரு பிஸ்கட்கூடத் தொடாமல் நீங்கள் அந்த மூன்று நாளையும் கடந்திருந்தாலும் 430 கிராமுக்கு மேல் கொழுப்புக் குறைந்திருக்க வழியில்லை. அதிலும் ஒரு பங்கு தசையாக இருந்திருக்கும், ஏனென்றால் அந்த ஜூஸ்களில் புரதம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

ஆனால் தராசு 2.6 கிலோ குறைவு காட்டியது. மிச்சம் இரண்டு கிலோவுக்கு மேல் எங்கே போனது?

பெரும்பகுதி தண்ணீர். நாம் சாப்பிடும் மாச்சத்தில் ஒரு பங்கை உடம்பு கிளைக்கோஜன் என்ற உருவில் சேமித்து வைத்திருக்கும். ஈரலில் 100 கிராம் அளவு, தசைகளில் 400 கிராம் அளவு. இதில் ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்தே இருக்கும். சோறும் புட்டும் பாணும் நின்றவுடன் உடம்பு முதலில் கைவைப்பது இந்தச் சேமிப்பில்தான். கிளைக்கோஜன் போகப்போக அதோடு இருந்த தண்ணீரும் சிறுநீராகப் போய்விடும். அடுத்தது உப்பு. சம்பல், கருவாடு, அப்பளம், ஊறுகாய் எதுவும் இல்லாத மூன்று நாள் அது. சோடியம் குறைந்தால் உடம்பு பிடித்து வைத்திருக்கும் நீரும் இறங்கும். முகம் வற்றியது போலத் தெரிந்ததற்கு இதுதான் காரணம். கடைசியாகக் குடல். சோறு மரக்கறியின் சக்கை வழமையாக ஒன்றிரண்டு நாளாவது உள்ளே கிடக்கும். புதிதாக ஒன்றும் போகாமல், அந்தத் தேயிலையும் சேர்ந்து உள்ளதையெல்லாம் தள்ளிவிட்டால் அதுவும் தராசில் குறைவாகத்தான் காட்டும்.

ஆகவே எட்டாம் நாள் 78.1 வந்ததற்கு உங்கள் அடக்கமின்மை காரணமில்லை. சாதாரணமாகச் சாப்பிட்டாலே கிளைக்கோஜன் நிரம்பும், தண்ணீர் திரும்பும், குடலும் நிறையும். திரும்பி வராத 300 கிராம் இருக்கிறதே, உண்மையில் குறைந்தது அவ்வளவுதான். நான் மேலே போட்ட கணக்கோடு அது கிட்டத்தட்டப் பொருந்துவதையும் கவனியுங்கள். (ஒரே ஆளின் நிறை ஒரே நாளுக்குள் ஒரு கிலோ ஏறி இறங்கும் என்பதால் இந்த 300 கிராமையும் நான் பெரிதாக நம்பமாட்டேன்.)

ஏழு நாளுக்கும் இதே கணக்குத்தான். ஏழு தரம் 1100 என்றால் 7700, அதாவது ஒரு கிலோ. கிழமை முழுதும் பட்டினி கிடந்து, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு எரிந்து விழுந்து, கண்டபடி தலை சுற்றி, கடைசியில் மிஞ்சப்போவது ஒரு கிலோ. அதுவும் தசையைச் சேர்த்து. தராசு நாலு கிலோ குறைவு காட்டலாம். அதில் மூன்று கிலோ கலியாணச் சாப்பாட்டுக்கு முன்னமே திரும்பிவிடும்.

அந்தத் தேயிலையைப் பற்றி. நீங்கள் அனுப்பிய படத்தில் பெட்டியின் பக்கவாட்டில் மூன்று பொருள்கள் தெரிகின்றன. சென்னா இலை, அதிமதுரம், புதினா. சென்னா வேறொன்றுமில்லை, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் நிலாவாரைதான். அதில் பேர்போன வகை விளைவது திருநெல்வேலியில். யாழ்ப்பாணத்தில் நாம் மரக்கறி வாங்கும் திருநெல்வேலி இல்லை, தமிழ்நாட்டுத் திருநெல்வேலி. அங்கிருந்து கடல் கடந்து கனடாவுக்குப் போய், பச்சைப் பெட்டியில் ஏறி, டொலர் கணக்கில் விலைபோய், பார்சலில் கோண்டாவிலுக்கு வந்திருக்கக்கூடும்.

நிலாவாரை ஒரு மலமிளக்கி. மலச்சிக்கலுக்கு இரண்டொரு நாள் எடுப்பதில் குற்றமில்லை. குடித்து ஆறில் இருந்து பன்னிரண்டு மணித்தியாலத்தில் வேலை செய்யும், அதனால்தான் இரவில் குடிக்கச் சொல்கிறார்கள். ஆனால் அது வேலை செய்வது பெருங்குடலில். சாப்பாட்டில் உள்ள மாச்சத்து, கொழுப்பு, புரதம் எல்லாம் அதற்கு முன்னமே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை தரம் ஓடினாலும் வெளியேறுவது தண்ணீரும் உப்புகளும்தான், முக்கியமாகப் பொட்டாசியம். அதிமதுரமும் சேர்ந்திருப்பது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அதைத் தொடர்ந்து எடுத்தால் பொட்டாசியம் குறையும், பிரஷர் ஏறும். பிரஷருக்குக் குளிசை எடுக்கும் ஒருவர் அதிமதுரத் தேத்தண்ணியை நாள்தோறும் குடிப்பது ஒரு கையால் இறக்கி மறு கையால் ஏற்றுகிற வேலை.

பேதிக்குக் குடிப்பது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. பள்ளிக்கூட விடுமுறை விட்டால் ஆமணக்கெண்ணெயோடு வரும் அம்மம்மாவுக்குப் பயந்து ஒளிந்தவர்கள் என் வயதில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வயிற்றுக்கென்றும் பூச்சிக்கென்றும் கொடுத்தார்கள். அன்று முழுவதும் வீட்டில் இருத்திப் பத்தியச் சாப்பாடு தந்தார்கள். நிறை குறையும் என்று யாரும் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

இனி நஞ்சு. எந்த நஞ்சு என்று அக்காவிடம் கேட்டுப் பாருங்கள், அவரைக் குற்றம் சொல்ல அல்ல. 2009இல் பிரித்தானியாவில் இளம் விஞ்ஞானிகள் குழு ஒன்று, டிடொக்ஸ் என்று போட்டு விற்கப்பட்ட 15 பொருள்களை எடுத்து அவற்றைத் தயாரித்தவர்களிடமே இந்தக் கேள்வியைக் கேட்டது. எதை வெளியேற்றுகிறது என்பதற்கு ஒருவராலும் உருப்படியான ஆதாரம் காட்ட முடியவில்லை. டிடொக்ஸ் என்றால் என்ன என்பதில்கூட ஒரு நிறுவனம் சொன்னதும் இன்னொன்று சொன்னதும் ஒத்துப்போகவில்லை. 2015இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் இதுபற்றி வந்த ஆய்வுகளைத் தேடித் திரட்டினார்கள். கடையில் விற்கும் டிடொக்ஸ் முறை எதையும் ஒழுங்கான எழுமாற்று ஆய்வில் (ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் ஆய்வில்) சோதித்ததாக ஒன்றையும் அவர்கள் காணவில்லை. உடம்புக்கு வேண்டாதவற்றை அகற்றும் வேலையை ஈரலும் சிறுநீரகமும் ஓய்வில்லாமல் செய்துகொண்டுதான் இருக்கின்றன. சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிப்பது 180 லீற்றர் அளவு. அதில் ஒன்றிரண்டு லீற்றரைத்தான் சிறுநீராக வெளியே விடுகின்றன. பீற்றூட் ஜூஸ் போய் அவற்றுக்குப் புதிதாக ஒன்றும் கற்றுக்கொடுக்கப் போவதில்லை.

உங்கள் தலைச்சுற்றுக்கு வருவோம். கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த இடம் அதுதான். கட்டிலால் எழும்பும்போது சுற்றியது என்றால், உடம்பில் நீர் குறைந்து, எழும்பும் வேகத்துக்கு இரத்த அழுத்தம் ஈடுகொடுக்காமல் விழுந்திருக்கும். சாப்பாடு இல்லை, உப்பு இல்லை, தேயிலை வேறு வயிற்றைக் கழுவுகிறது, வெளியில் சித்திரை வெயில், அதற்கு மேல் லொசார்டன். பிரஷர் இறங்காமல் என்ன செய்யும்? வயிற்றோட்டத்தால் உடம்பு வறண்டிருக்கும் நேரத்தில் லொசார்டன் போன்ற குளிசைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துச் சேதம் உண்டாக்கலாம். மெட்போர்மினும் அப்படித்தான். சிறுநீரகம் திணறும்போது அது உடம்பில் தேங்கி, இலக்டிக் அமிலம் கூடிய ஓர் ஆபத்தான நிலைக்குக் கொண்டுபோகலாம். இது அடிக்கடி நடப்பதில்லை. ஆனாலும் கடும் வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் இந்தக் குளிசைகளைப் பற்றி உடனே வைத்தியரிடம் கேளுங்கள் என்று சொல்லப்படுவது இதனால்தான். நீங்களோ அந்த வயிற்றோட்டத்தைக் காசு கொடுத்து வரவழைத்திருக்கிறீர்கள்.

மெட்போர்மின் தனியே எடுப்பவர்களுக்குச் சாப்பிடாமல் இருந்தால் சீனி ஆபத்தான அளவுக்கு விழுவது அரிது. அந்த வகையில் தப்பினீர்கள். இதை வாசிக்கும் வேறு யாராவது கிளிக்கிளசைட் போன்ற குளிசையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், ஜூஸ் விரதத்தில் மயங்கி விழுவது நடக்கக்கூடிய சங்கதி. நித்திரையில் சீனி விழுந்தால் அருகில் படுத்திருப்பவருக்கும் தெரியாது. மறுபக்கம், பழத்தைப் பிழிந்து சக்கையை எறிந்துவிட்டுக் குடிக்கும்போது நார்ச்சத்து போய்ச் சீனி மட்டும் வேகமாக ஏறும். ஒரு கிளாஸ் தோடம்பழ ஜூஸுக்கு மூன்று நான்கு பழம் வேண்டும். நான்கு தோடம்பழத்தை உரித்து ஒரே இருப்பில் சாப்பிட யாரால் முடியும்? 2016 ஆவணியில் இருந்து இலங்கையில் சோடாப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் போடுகிறார்கள். அப்போது வந்த விதிப்படி 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. வீட்டு மிக்சியில் அந்த வட்டம் இல்லாததால் நாம் அதைச் சீனி என்று கணக்கெடுப்பதில்லை.

ஜூஸ் பற்றி இன்னுமொன்று. பசளிக்கீரை, பீற்றூட் போன்றவற்றில் ஒக்சலேற் அதிகம், சிறுநீரகத்தில் படியக்கூடிய ஒரு பொருள் அது. கறியாகச் சாப்பிடும் அளவில் சிறுநீரகம் நல்லாக இருப்பவருக்குப் பயமில்லை. கிழமைக்கணக்கில் பெரிய அளவில் பிழிந்து குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் பழுதான சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. இலங்கையிலேயே காமரங்காய்ச் சாற்றை வெறும் வயிற்றில் குடித்துச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். அது சீனி வருத்தத்துக்கு நல்லதென்று இன்னமும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். காதில் போடாதீர்கள்.

மாமியின் கந்தசஷ்டி நியாயமான கேள்வி. ஆறு நாள் பாலும் பழமும் மட்டும் எடுத்து, சூரன்போர் பார்த்து, ஏழாம் நாள் பாறணை செய்கிறார். அவருக்கும் அந்த ஆறு நாளில் ஒன்றிரண்டு கிலோ இறங்கித்தான் இருக்கும், பாறணை முடிந்த கிழமையில் ஏறித்தான் இருக்கும். அவர் நிறுத்துப் பார்க்காததால் அது உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர் விரதம் பிடிப்பது முருகனுக்காக. மாமி மெலிவாக இருப்பது மிச்ச 359 நாளும் அவர் சாப்பிடுகிற விதத்தால். ஒரு கிழமைக்கு அவருடைய கோப்பையைக் கவனித்துப் பாருங்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு, தேத்தண்ணிக்குச் சீனி எத்தனை கரண்டி என்று. நீங்களும் இந்த முறை சஷ்டி பிடிக்க விரும்பினால் தாராளமாகப் பிடியுங்கள். ஆனால் அதற்கு முந்தைய கிளினிக்கிலேயே சொல்லி, எந்தக் குளிசையை எப்போது எடுப்பது என்று மாற்றி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

"அப்படியென்றால் திரவ உணவால் ஒருவருக்கும் நிறை குறைந்ததே இல்லையா?" என்று கேட்பீர்கள். குறைந்திருக்கிறது. ஸ்கொட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் நடந்த டைரெக்ட் என்ற ஆய்வு, 2017 மார்கழியில் அதன் முதல் வருட முடிவு வந்தது. நீரிழிவு வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களுக்குச் சாப்பாட்டை முற்றாக நிறுத்தி, நாளுக்கு 825இல் இருந்து 853 கலோரி அளவில் சூப்பும் ஷேக்கும் மட்டும் கொடுத்தார்கள். ஒரு வருட முடிவில் 46 வீதமானவர்களுக்குக் குளிசை இல்லாமலே சீனி கட்டுக்குள் வந்திருந்தது. கலோரி அளவைப் பார்த்தால் அக்காவின் அட்டவணைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அது மூன்று நாளில்லை, மூன்றில் இருந்து ஐந்து மாதம். அந்த சூப்பில் புரதமும் விற்றமின்களும் அளந்து சேர்க்கப்பட்டிருந்தன. நீரிழிவுக் குளிசையையும் பிரஷர் குளிசையையும் முதல் நாளே வைத்தியர்கள் நிறுத்தினார்கள். அது முடிந்த பிறகு சாதாரணச் சாப்பாட்டைப் படிப்படியாகத் திரும்பக் கொண்டுவரக் கிழமைகள் எடுத்தார்கள், அதற்குப் பிறகும் மாதாமாதம் கூப்பிட்டுப் பார்த்தார்கள். வைத்தியர் பார்க்காமல் வீட்டில் நீங்களாகவே செய்து பார்க்கக்கூடிய முறை அது இல்லை.

சரி, ஆவணிக்கு என்ன செய்வது?

மூன்று மாதம் என்பது நல்ல அவகாசம். கிழமைக்கு 400, 500 கிராம் குறைந்தால் ஐந்து கிலோ அளவு போகும். உங்கள் நிறையில் ஐந்து வீதம் என்றால் நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு குறைந்தாலே சீனியிலும் பிரஷரிலும் நல்ல மாற்றம் தெரியத் தொடங்கும்.

உங்கள் ஒரு நாள் சாப்பாட்டை எழுதியிருந்தீர்கள். அதில் முதலில் கண்ணில் பட்டது தேத்தண்ணி. ஐந்து கோப்பை, "சீனி குறைச்சு இரண்டு கரண்டிதான்." ஐந்து தரம் இரண்டு என்றால் பத்துத் தேக்கரண்டி, 40இல் இருந்து 50 கிராம் சீனி, 200 கலோரிக்குக் கிட்ட. மாதத்துக்கு 6000 கலோரி வரை வரும். கணக்கின்படி இதை மட்டும் நிறுத்தினாலே ஒரு மாதத்தில் 600, 700 கிராம் குறையும். மூன்று நாள் ஜூஸ் தந்ததைவிட அதிகம், தலையும் சுற்றாது. இரண்டு கரண்டியை ஒரேயடியாக நிறுத்தினால் நாலாம் நாள் திரும்பிவிடுவீர்கள். இந்தக் கிழமை ஒன்றரை, அடுத்தது ஒன்று, பிறகு அரை என்று இறக்குங்கள். நாக்கு பழகிவிடும். நீரிழிவுக் கிளினிக்குக்கு வரும் பலர் சோற்றைக் குறைத்துவிட்டுத் தேத்தண்ணிச் சீனியைத் தொடாமல் வைத்திருப்பது எனக்கு விளங்காத புதிர்.

இரண்டாவது, உங்கள் மத்தியானம். காலையில் ஆறரைக்கு இரண்டு துண்டு பாண், பத்தரைக்குக் கன்ரீனில் ரோல்ஸோ வாய்ப்பனோ, பிறகு வீட்டுக்கு வர இரண்டரை. அந்தப் பசியோடு சோற்றுப் பானைக்கு முன்னால் நின்றால் அகப்பை தானாகவே நாலு தரம் போய்வரும். இதில் மனக்கட்டுப்பாட்டை நம்பிப் பயனில்லை, பத்தரை மணியைத் திருத்த வேண்டும். முதல் நாள் இரவே கடலையோ கௌபியோ பயறோ ஊறப்போட்டு, காலையில் அவித்து, கொஞ்சம் வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்து ஒரு சின்ன டப்பாவில் கொண்டுபோங்கள். அவசரமான நாளில் இரண்டு அவித்த முட்டை. புரதமும் நாரும் இருப்பதால் இரண்டரை மணிப் பசி பாதியாகும். பிறகு கோப்பையில் முதலில் மரக்கறியையும் கீரையையும் போடுங்கள், அரைக் கோப்பை அதற்கே போகட்டும். ஒரு கால் பங்கு மீனோ பருப்போ. மிச்சக் கால் பங்குக்குள் சோறு. முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி எல்லாம் சந்தையில் மலிவாகக் கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு நாம் கனடாத் தேயிலைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கத்தரிக்காயை மட்டும் பொரித்துக் குழம்பு வைப்பதைக் கிழமையில் ஒரு நாளுக்குள் நிறுத்துங்கள். அது குடிக்கிற எண்ணெய்க்கு அளவில்லை, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி.

இரவுக்கு அரை றாத்தல் பாண் அல்லது புட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அரை றாத்தல் பாண் 225 கிராம், 600 கலோரிக்குக் கிட்ட. பாதியாக்குங்கள், கறியைக் கூட்டுங்கள். புட்டென்றால் நீத்துப்பெட்டியில் மாவுக்கும் தேங்காய்ப்பூவுக்கும் என்ன அளவு என்று ஒருநாள் நின்று பாருங்கள். தேங்காய்ப்பூ 100 கிராம் 350 கலோரி. குரக்கன் புட்டென்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்ற எண்ணமும் இங்கே நிறையப் பேருக்கு இருக்கிறது. குரக்கனில் நார்ச்சத்தும் கல்சியமும் கூட, அது உண்மை. கலோரியில் அரிசிமாவுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

நடை, கிழமையில் ஐந்து நாள், ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம். பலாலி வீதியில் பஸ்ஸுக்கும் மோட்டார்சைக்கிளுக்கும் இடையில் நடக்கச் சொல்லமாட்டேன். பள்ளிக்கூட மைதானமோ உள்ளொழுங்கையோ போதும், சனி ஞாயிறில் பண்ணைக் கடற்கரைப் பக்கம் போகலாம். நடந்துவிட்டு வந்து ஐஸ்கிரீம் கடைக்குப் போகிறவர்களோடு மட்டும் சேராதீர்கள்.

நாள்தோறும் நிறுக்க வேண்டாம். சனிக்கிழமை காலை மலசலகூடம் போய்வந்து, தேத்தண்ணிக்கு முன், அதே தராசில் ஒரு தரம். அதோடு இடுப்பையும் அளங்கள். ஆசியப் பெண்களுக்கு 80 சென்டிமீற்றருக்குக் கீழ் இருப்பது நல்லது. தராசு அசையாத கிழமைகளில் இடுப்பு குறைவதைப் பார்த்தால் உங்களுக்கு உற்சாகமாக இருக்கும்.

கலியாணத்துக்குச் சாரி வடிவாக நிற்க வேண்டும் என்பதும் உங்கள் ஆசை, அதில் பிழையில்லை. கடைசி மூன்று நாலு நாள் கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், பைக்கற் சிற்றுண்டி எல்லாவற்றையும் தள்ளிவையுங்கள். தண்ணீரை வழக்கம்போலக் குடியுங்கள். உப்பால் வரும் உப்பலும் முகவீக்கமும் இறங்கிவிடும். ஜூஸ் மூன்று நாளில் தந்த அந்த "முகம் வற்றின" தோற்றத்தில் நல்ல பங்கு இதிலேயே கிடைக்கும், மயக்கம் இல்லாமல். உங்கள் பிரஷருக்கும் அது நல்லது.

அடுத்த கிளினிக்கில் மூன்று மாதச் சராசரிச் சீனியையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தலை சுற்றிய கதையை அங்கே மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் கணவர் இன்னும் ஒன்றும் சோதித்துப் பார்க்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். 35 வயது கடந்தவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் இருக்கின்றன. நிறை, பிரஷர், சீனி எல்லாம் காசில்லாமல் பார்ப்பார்கள். கையோடு கூட்டிக்கொண்டு போங்கள்.

மகளின் விஷயம். அவளுடைய நிறையை நீங்கள் எழுதவில்லை. பதினாறு வயதில் பெரியவர்களின் அளவுகோலை வைத்துப் பார்க்கவும் கூடாது, வயதுக்கேற்ற வளர்ச்சி அட்டவணையில்தான் பார்க்க வேண்டும். எலும்பு இறுகிவரும், மாதவிடாயில் இரும்புச்சத்துப் போகும் வயது அது. அந்த வயதில் புரதமும் கல்சியமும் இல்லாமல் ஜூஸில் இருந்துவிட்டு, பிறகு பசியில் அள்ளிச் சாப்பிட்டு, அதற்காகத் தேயிலையைக் குடித்து வயிற்றைக் கழுவும் பழக்கம் வந்தால் அதில் இருந்து மீட்டெடுப்பது மிகக் கடினம். உங்கள் உடம்பைப் பற்றி அவள் முன்னால் குறை சொல்வதையும் கொஞ்சம் குறையுங்கள், பிள்ளைகள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். உங்களுக்கு எழுதிய கடலையும் முட்டையும் கீரையும் அவளுக்கும் நல்லது, சோற்றை மட்டும் அவளுக்கு அளக்க வேண்டாம். ரியூஷனுக்குச் சைக்கிளில் போகிறாள் என்றால் அதுவே நல்ல உடற்பயிற்சி. நிறை சட்டென்று கூடி, மாதவிடாயும் தள்ளித் தள்ளி வருகிறது, முகத்தில் முடி வளர்கிறது என்று ஏதாவது இருந்தால் சாப்பாட்டை மாற்றிக்கொண்டு காத்திருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். சூலகத்தில் நீர்க்கட்டிப் பிரச்சினையா என்று அவர் பார்ப்பார்.